நாற்றங்காலில் நின்ற கோரை

நொச்சிப்பேரிக் குளத்தின் உள்கரையில் ஆளுக்கொரு கோரை முளைத்த வருசம் போய் அடுத்த வருசம், ஐப்பசி கடைசியில், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி வாக்கில், செண்பகவடிவின் வலது கை ஒரு கோரையைப் பிடுங்கிவிட்டது. வடிவு பிடுங்கினாள் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் பாட்டுக்கு ஆவுடையப்பன் வீட்டு நாற்றங்காலில் குனிந்து நின்று, சுந்தரக்கனியின் மருமகள் கொண்டுவந்த மிக்ஸி மூன்றே மாதத்தில் புகைந்துபோன கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வருசமாகக் களை எடுத்துப் பழகிய கை அதன் பாட்டுக்கு நாற்றுக்குள் நுழைந்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தண்டை உருட்டியது. நெல் என்றால் வழுக்கும், கோரை என்றால் மூன்று பட்டையும் விரலில் தட்டும். தட்டியது, பிடுங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் மனசு வந்து சேர்ந்தது.

"ஏளா, என்னத்தப் பிடுங்குன?" என்றாள் சுந்தரக்கனி.

வடிவு கையைத் தூக்கிக் காட்டினாள். கூடக் களையெடுத்துக்கொண்டிருந்த எட்டுப் பெண்களும் நிமிர்ந்தார்கள். மிக்ஸி கதை அந்த இடத்திலேயே நின்றது, இன்றுவரை யாரும் அதன் முடிவைக் கேட்கவில்லை.

களையெடுக்கப் போனவள் களையைத்தானே எடுத்தாள், இதில் பதற என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நொச்சிப்பேரியில் அப்படிக் கேட்க முடியாது. போன வருசத்து மழை வெறித்த மறுநாள் காலையில் குளத்தின் உள்கரை நெடுகக் கோரை முளைத்து நின்றது, அதே நாளிலிருந்து வயல், வரப்பு, வாய்க்கால் எங்கேயும் ஒரு கோரைகூட முளைக்கவில்லை. முதலில் யாரும் அதைச் சட்டை பண்ணவில்லை. தையல்காரர் செல்லையா மெஷினில் காலை வைத்தபடியே உயிரை விட்ட அன்று, முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு கோரை மட்டும் வைக்கோல் நிறத்துக்குப் போனது. அப்போதும் யாருக்கும் புத்தி வரவில்லை. அடுத்து இரண்டு சாவுக்கு இரண்டு கோரை காய்ந்து, கீழத்தெருவில் ஒரு பிரசவத்துக்குக் காலையில் புதுசாக ஒன்று எட்டிப் பார்த்த பிறகுதான், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு நாள் முழுக்க இடுப்பளவு சேற்றில் நின்று எண்ணினார். அறுநூற்றுப் பதின்மூன்று. ஊரில் ஆளும் அறுநூற்றுப் பதின்மூன்று.

எது யாருடையது என்று கண்டுபிடிப்பதும் பெரிய வித்தையில்லை. தண்டை விரலுக்கு நடுவே உருட்டினால், யார் உருட்டினாலும் சரி, அதற்குரியவருக்கு எங்கே இருந்தாலும் விலாவில் கூசும். சிரிக்காமல் இருக்கவே முடியாது. அந்த முதல் மாதம் ஊர் பட்ட பாடு கொஞ்சமா. எழவு வீட்டில் சம்பந்தி சிரித்தார், வங்கியில் மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் சிரித்தான், மஸ்கட்டில் பாரம் தூக்கிக்கொண்டிருந்த இசக்கிராஜ் சிரித்துச் சாரத்திலிருந்து விழப் பார்த்தான். பகையாளிகள் ஒருத்தர் கோரையை ஒருத்தர் தேடி அலைய ஆரம்பித்ததும் பஞ்சாயத்துக் கூடி மூன்று முடிவு எடுத்தது. கோரையில் பெயர்ச்சீட்டு கட்டக் கூடாது. அடுத்தவர் கோரையைத் தொடக் கூடாது. ஆடு மாடு குளத்துக்குள் இறங்கக் கூடாது. அவரவர் கோரை அவரவருக்குத் தெரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாதத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. காலையில் பல் தேய்த்தபடியே கரைக்குப் போய்த் தன்னுடையதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவதும், பெண் கேட்டு வருகிறவர்களைக் குளத்துப் பக்கம் விடாமல் காப்பி கொடுத்து வாசலோடு அனுப்புவதும், எல்லா ஊரிலும் நடக்கிற சங்கதி மாதிரி ஆகிவிட்டன.

ஊருக்கே தெரியாத ஒன்று களையெடுக்கிற பெண்களுக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்குக் கோரை என்றால் கோரை. இவர்களுக்குக் கரையில் நின்றது மூன்று வகை. ஊசிக்கோரை, வட்டக்கோரை, கிழங்குக்கோரை. முதல் இரண்டும் விதையில் முளைப்பவை, வேரோடு வந்தால் போச்சு. கிழங்குக்கோரை அப்படியில்லை, மேலே பிடுங்கப் பிடுங்க அடியில் கிழங்கு கிடக்கும், திரும்பவும் வரும், களைக்காரிகள் வாழ்நாள் முழுக்க வைது தீர்க்கிற சனியன் அதுதான். யாருடையது என்ன வகை என்று நாம் வாய் திறக்கவே கூடாது, திறந்தால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் அதையும் கேட்பான் என்று ஒன்பது பேரும் ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து பேசி வைத்திருந்தார்கள்.

இப்போது மற்ற எட்டுப் பேரும் வடிவின் கையைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு ஆளின் உயிர் அந்தக் கையில் தொங்கியது. அது யார் என்று தெரியவில்லை.

சுந்தரக்கனி கஞ்சித் தூக்குவாளியைக் கவிழ்த்துவிட்டுச் சேற்றை அள்ளிப் போட்டாள். கோரையை அதில் ஊன்றினார்கள். நிற்க மாட்டேன் என்று சாய்ந்தது. வடிவு தண்டை லேசாக உருட்டிப் பார்த்தாள். ஊர்ப்பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கேயும் யாரும் சிரிக்கவில்லை. வேர் அறுந்த கோரை கூசாது போலிருக்கிறது என்றாள் ஒருத்தி.

"பேசாம இதப் பழையபடி ஊனிட்டுப் போயிருவோம். நம்ம ஒம்பது பேருக்குத்தானே தெரியும்" என்றாள் இன்னொருத்தி.

"சாயந்தரம் எவ வீட்டுலயோ ஒப்பாரி கேக்கும். அப்பவும் பேசாம இருந்துருவியா?" என்றாள் வடிவு. தூக்குவாளியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

பதினோரு மணிக்குக் கோயில் மைக்கில் சொன்னார்கள். பதினொன்றரைக்கு ஊர் முழுக்கக் கரையில். பஞ்சாயத்துத் தலைவர் தளவாய் ரேஷன் கார்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் பெயராகக் கூப்பிட்டார். கூப்பிட்டவர் இறங்கிப் போய்த் தன் கோரையை உருட்ட வேண்டும், சிரிப்பு வந்தால் மேலே ஏறிவிட வேண்டும். அதுவரைக்கும் யாரும் அப்படிச் சிரித்ததில்லை, அதற்குப் பிறகும் சிரித்ததில்லை. முகம் வெளுத்து இறங்குவார்கள், விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், அப்படியே அழுவார்கள். வெளியூரில் இருக்கிறவர்களுக்கு வீட்டுக்காரர்கள் உருட்டிவிட்டுப் போன் போட்டார்கள். "கூசுச்சா? நல்லாக் கூசுச்சா? சரி, வை." திருப்பூருக்குப் போனது, சென்னைக்குப் போனது, மஸ்கட்டுக்குப் போனது. கேரளாவில் மூட்டை தூக்கப் போயிருந்த பரமசிவனுக்கு அவன் அண்ணன் சுடலைமுத்து உருட்டினான், அவனும் சிரித்தான். சுடலைமுத்து வடிவின் புருசன். வடிவும் தன் முறைக்கு இறங்கினாள். மருத மரத்து வேருக்குப் பக்கத்தில் நின்ற தன் கோரையை உருட்டினாள், விலாவில் கூசியது, சிரிக்க வெட்கமாக இருந்தது. ஏறி வந்து வாளியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். உள்ளே இருந்தது இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

மூன்று மணிக்குப் பட்டியல் முடிந்தது. ஒரு பெயருக்கு மட்டும் ஆள் இறங்கவில்லை.

"உச்சிமாகாளி" என்று தளவாய் இரண்டாம் முறை கூப்பிட்டார்.

கூட்டம் விலகி வழி விட்டது. பரமசிவன் பெண்டாட்டி உச்சிமாகாளி மருத மரத்தில் சாய்ந்து, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். கையை நீட்டிக் காட்டச் சொன்னபோது பத்து நகமும் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

அந்த நிமிசமே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. எழுதாமல் என்ன செய்யும். வடிவும் உச்சியும் ஓரகத்திகள், பதினோரு வருசமாகப் பேச்சு வார்த்தை கிடையாது, ஒரே முற்றத்துக்கு நடுவே ஆள் உயரச் சுவர். வடிவின் மகளுக்குக் காதுகுத்து நடந்த அன்று, பிள்ளையில்லாத உச்சி குழந்தையை ஆசையாகத் தூக்கி மடியில் வைத்தபோது, பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "பிள்ளைய இறக்கி விடு, உன் கண்ணு பட்டுரும்" என்று வடிவு சொன்னாள். உச்சி இறக்கி விட்டாள். சாப்பிடாமல் எழுந்து போனாள். மறுவாரம் சுவர் வந்தது. தான் சொன்னது எப்படிப்பட்ட சொல் என்று வடிவுக்கு அன்று ராத்திரியே தெரியும். தெரிந்து என்ன, வாய் வரவில்லை, பதினோரு வருசம் போய்விட்டது.

"தேடிப் பிடிச்சுப் பிடுங்கியிருக்கா" என்று யாரோ சொன்னார்கள். களையெடுக்கிற பெண்கள்கூட ஒரு அடி தள்ளித்தான் நின்றார்கள்.

"நான் வேணும்னு செய்யல" என்றாள் வடிவு. அவளுக்கே அது நம்புகிற மாதிரி இல்லை. "கரையில நிக்க வேண்டிய கோரை, நாத்தங்காலுக்கு எப்பிடி வந்துது?"

உச்சி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான்தான் கொண்டு வச்சேன்."

தன் கோரைக்கு ஒரு சாண் தள்ளி நிற்பது வடிவின் கோரை என்பது உச்சிக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. வடிவு அதன் பக்கத்தில் நின்று சிரித்ததைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து தூக்கம் போச்சு. கோரையின் குணமெல்லாம் தெரிந்தவள், கையில் அந்த வேகம் உள்ளவள், தினமும் ஒரு சாண் தூரத்தில் வந்து நிற்கிறாள். எவ்வளவு நாள் பொறுப்பது. தீபாவளிக்கு முந்தின வாரம், ஊர் எல்லாம் ஜவுளிக்கடைக்குப் போன மத்தியானத்தில், தன் கோரையைத் தானே பிடுங்கி எடுத்துக்கொண்டு போய், களையே எடுக்காத சோம்பேறி என்று பெயர் வாங்கிய ஆவுடையப்பனின் நாற்றங்காலில், பச்சையோடு பச்சையாக ஊன்றினாள். ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தாள், பிறகு எழுந்துவிட்டாள். அந்த ஆவுடையப்பன் இந்த வருசம் பார்த்துத்தானா புத்தி வந்து களைக்கு ஆள் கூப்பிட வேண்டும்.

"உங்கிட்ட இருந்து காப்பாத்தணும்னு கொண்டு போனேன். உன் கையிலேயே கொண்டு குடுத்திருக்கேன்" என்றாள் உச்சி. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

வடிவுக்குக் கோபம் வரவில்லை, அவமானமாக இருந்தது. ஒருத்தி தன் உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒளிகிற அளவுக்கு நான் என்ன மாதிரி மனுசியாக அவளுக்குத் தெரிந்திருக்கிறேன் என்று நினைத்தாள். நினைக்க நேரமில்லை. வாளியிலிருந்து கோரையை எடுத்து, சேற்றைக் கழுவி, வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பூ எடுக்காத கோரையில் வகை பிரிப்பது லேசு இல்லை, ஊசிக்கோரையும் கிழங்குக்கோரையும் இளசில் அக்கா தங்கை மாதிரி இருக்கும். தண்டை உருட்டினாள், பட்டை சொன்னது போதவில்லை. இலையை மடித்தாள், அதுவும் போதவில்லை. ஊசிக்கோரை என்றால் இனி ஒப்பாரிக்கு ஆள் சொல்ல வேண்டியதுதான். அடியில் அறுந்த இடத்தைக் கிள்ளி மூக்குக்குக் கொண்டு போனாள். மங்கலாக, எங்கேயோ அடுத்த வீட்டில் யாரோ குளிக்கிற மாதிரி, நலங்குமாவு வாசம் வந்தது. கிழங்குக்கோரைக்கு மட்டும் உள்ள வாசம்.

"ஏட்டி, நீ கரையில பிடுங்கும்போது அடியில உருண்டையா ஏதும் வந்துதா?"

"இல்ல. நூல் மாதிரி ஒண்ணு அறுந்துது."

"அப்பம் உன் கிழங்கு கரையிலதான் கெடக்கு. நீ சாகல. தூங்குத."

சொல்லிக்கொண்டே வடிவு கோரையை வாளிச் சேற்றில் திரும்ப ஊன்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். அடுத்தவர் கோரைப் பக்கம் கை வைக்கக் கூடாது என்பது பஞ்சாயத்து முடிவு, தளவாய் வாயைத் திறந்தார், சுந்தரக்கனி அவரை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டார். உச்சி சொன்ன இடத்தில் வடிவு விரலால் சேற்றை விலக்கினாள். முக்கால் முழம் ஆழத்தில், சுண்டைக்காய் அளவில், கறுப்பாக, கிழங்கு. உயிரோடுதான் இருந்தது. அதிலிருந்து முளை கிளம்பாமல் இருந்ததற்குக் காரணமும் அங்கேயே இருந்தது. கிழங்கிலிருந்து ஒரு வேர்நூல் பக்கவாட்டில் ஓடியது. விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு சாண் தள்ளி, அது அவள் சொந்தக் கோரையின் அடியில் போய் முடிந்தது.

வடிவு அப்படியே முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டாள். களையெடுக்கிற ஒன்பது பேருக்கும் அதன் அர்த்தம் தெரியும், மற்றவர்களுக்குச் சுந்தரக்கனிதான் கரையிலிருந்து சொன்னாள். கிழங்குக்கோரை ஒரே கொடியில் நிற்கும்போது ஒன்றுக்குத் தலை போனால், மற்றது நிமிர்ந்து நிற்கிற வரைக்கும் அது தூங்கும். நிற்கிறதைக் கிள்ளினால்தான் தூங்குகிறது முழிக்கும். அதனால்தான் அரைகுறையாகக் கிள்ளிவிட்டுப் போகிற களைக்காரியை வயல்காரன் வைவான்.

"தானா முளைக்க எத்தன நாள் ஆகும்?" என்று தளவாய் கேட்டார்.

"அடுத்த மழைக்கு முளைக்கலாம். முளைக்காமலும் போகலாம்" என்றாள் சுந்தரக்கனி. எல்லோரும் உச்சியைப் பார்த்தார்கள். மஞ்சள் விரல் கணு வரைக்கும் வந்திருந்தது. வாளியில் கிடந்த கோரை படுத்தேவிட்டது.

சுடலைமுத்து கரையிலிருந்து கத்தினான். "உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? கிள்ளினா முளைக்கும்னு வயல்ல தெரியும். ஆள்கோரையில தெரியுமா உனக்கு?"

"தெரியாது" என்றாள் வடிவு. பயந்து போயிருந்தாள், பயத்தை மறைக்கவும் இல்லை. ஆறாவது படிக்கிற மகள் பொன்னுலட்சுமி பள்ளிக்கூடத்து உடுப்போடு கரையில் நிற்பதைப் பார்த்தாள், பார்த்த கண்ணை எடுத்துக்கொண்டாள்.

உச்சி மரத்தடியிலிருந்து சொன்னாள். "வேண்டாம். நீ ஒண்ணும் பிடுங்க வேண்டாம். பிள்ளை இருக்கு உனக்கு."

"அந்தப் பிள்ளைய உன் மடியில இருந்து எறக்கச் சொன்னவ நான்" என்றாள் வடிவு. "அன்னைக்குச் சொன்னது தப்பு. பதினோரு வருசமாத் தப்பு. எனக்கு வாய் வரல, இப்ப வந்துட்டு."

குனிந்தாள். முப்பது வருசத்தில் முதல் முறையாக ஒரு கோரையைப் பிடுங்க அவள் கைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். கை மறுத்தது. இன்னொரு தடவை சொன்னாள். தன் தண்டைக் கிழங்குக்கு மேலே, அடி வெளுப்போடு, ஒரே கிள்ளாகக் கிள்ளினாள்.

விலாவில் ஏதோ அணைந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான். தானாகவே நடந்து கரையேறினாள், உச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், பிறகு இரண்டு பேரையும் தூக்கித்தான் கொண்டு போக வேண்டியிருந்தது. எந்த வீட்டில் கிடத்துவது என்று ஒரு தகராறு. கடைசியில் சுடலைமுத்து கடப்பாரையை எடுத்து வந்து, முற்றத்துச் சுவரில் கட்டில் நுழைகிற அளவுக்கு இடித்தான், இரண்டு கட்டிலையும் இடித்த இடத்தில் பக்கம் பக்கமாகப் போட்டார்கள்.

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாளும் ஊரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பரமசிவன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். எட்டுப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு, அந்த ஒரு சாண் சேற்றைச் சுற்றி முழங்கால் தண்ணீரில் நின்றார்கள்; வாத்து வந்தால் விரட்டினார்கள், மீன் வந்தால் விரட்டினார்கள், மடையை அடைத்துத் தண்ணீரை ஒரே மட்டத்தில் வைத்தார்கள். ஆவுடையப்பன் தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து, யார் மூஞ்சியையும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் இரண்டு பேருக்கும் மணிக்கட்டு வரை மஞ்சள் ஏறியது, உச்சிக்கு மூச்சு எண்ணுகிற மாதிரி வந்தது. பொன்னுலட்சுமி இரண்டு கட்டிலுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். எழுந்திருக்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் சுந்தரக்கனியின் காலடியில் சேறு கீறியது. ஊசி முனை அளவுக்குப் பச்சை. எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தேடினார்கள். இன்னொன்று இல்லை. உச்சியின் கிழங்கு கிடந்த இடத்திலும் இல்லை, வடிவின் அடித்தண்டு இருந்த இடத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, அந்த நூலின் மேலே, ஒன்றே ஒன்று.

பத்து மணி வரைக்கும் அதைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. தொட்டால் ஒருத்திதான் சிரிப்பாள். அதைத் தெரிந்துகொள்ள யார் முதலில் விரல் வைப்பது. கடைசியில் சுந்தரக்கனி குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு விரலுக்கு நடுவே அந்தக் குருத்தை மெதுவாக உருட்டினாள்.

முற்றத்தில் வடிவின் தோள் குலுங்கியது. பொன்னுலட்சுமிக்கு உயிர் வந்தது, அதே மூச்சில் திரும்பிச் சித்தியைப் பார்க்கப் பயந்தாள். பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கட்டிலும் கிறீச்சிட்டது. பதினோரு வருசமாக அந்தத் தெருவில் யாரும் கேட்காத சிரிப்பு, வறண்டு, இருமலோடு சேர்ந்து வந்தது.

"யக்கா" என்றாள் உச்சி, விலாவைப் பிடித்துக்கொண்டு. "எவ உருட்டுதான்னு தெரியல, நிறுத்தச் சொல்லு. செத்துருவேன் போல."

நொச்சிப்பேரியில் அன்றிலிருந்து ஆளை விடக் கோரை ஒன்று குறைவு. வாத்தியார் மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டுக் கணக்கை அப்படியே விட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே உயிரா, ஒருத்தி போனால் மற்றவளும் போவாளா என்று ஊர் கொஞ்ச நாள் பேசியது, அவர்களிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. இப்போது களைக்கு இறங்குகிற பெண்கள் எதைப் பிடுங்குவதற்கு முன்னாலும் ஒரு நொடி கையை நிறுத்துகிறார்கள், வேலை முன்னைப்போல ஓடவில்லை என்று வயல்காரர்கள் முணுமுணுக்கிறார்கள்.

ஓரகத்திகள் ஒற்றுமையாகிவிட்டார்களா என்றால், எங்கே. குழாயடியில் சண்டை, கோழி விரட்டுவதில் சண்டை, இடித்த சுவரை யார் பூசுவது என்று தினமும் சண்டை. அது முற்றி, பேச்சு அந்தப் பழைய காதுகுத்துப் பக்கம் திரும்பப் பார்க்கும்போது, இரண்டு பேரில் ஒருத்தி சட்டென்று வாயை மூடிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, குளத்துப் பக்கம் விறுவிறு என்று நடக்கிறாள். வீட்டில் இருக்கிறவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள்.